சவுக்குத் தோப்பா, டவுன் ஓட்டலா? முதல் சந்திப்புக்கு எது நல்லது

எங்கள் ராமநாதபுரம் பக்கம் ஒருவனோடு வெளியே போகிற பெண்ணுக்கு முதல் பயம் அவனைப் பற்றி வருவதில்லை, மாமாவோ சித்தப்பாவோ பார்த்துவிடுவார்களோ என்றுதான் வருகிறது. அந்தப் பயத்தில்தான் அரியமான் சவுக்குத் தோப்பு, மண்டபம் தாண்டி ஆளில்லாத கரை என்று ஒதுங்குகிறோம். டவுன் ஓட்டலில் உட்கார்ந்தால் தெரிந்தவர் பார்க்கலாம், ஆனால் குரல் கொடுத்தால் நாலு பேர் திரும்புவார்கள். தோப்பில் யாரும் பார்க்க மாட்டார்கள், எது நடந்தாலும். ஊர் வாய்தான் கவலை என்றால் மதுரைக்குப் பஸ் ஏறுங்கள், தோப்பு வேண்டாம்.

அடுத்தது குடி. "பீர்தானே, கட்டிங் இல்லையே" என்பது நான் அடிக்கடி கேட்ட சமாதானம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, 90 மில்லி பிராந்தி கட்டிங்கில் 30 கிராம்தான். உடம்பு மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும், அதனால் அஞ்சு மணிக்குக் குடித்த ஒரு பீர் ஒன்பது மணிக்கும் உள்ளே இருக்கும். மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. ஒரே அளவு குடித்தாலும் பொதுவாகப் பெண்களுக்கு ரத்தத்தில் அதிகம் ஏறும். முதல் சந்திப்பில் குடிக்காமல் இருப்பதுதான் என் தேர்வு. குடித்தே ஆக வேண்டுமென்றால் மூடியை நீங்களே திறங்கள், பாத்ரூம் போய்விட்டு வந்தால் பழைய கிளாஸைத் தொடாதீர்கள்.

திரும்பி வருவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அவன் பைக்கில் போனால் கிளம்பும் நேரத்தை அவன்தான் முடிவு செய்வான், அதிலும் ராமேஸ்வரம் தீவுக்குள் போய்விட்டால் ரோட்டு வழியாக வெளியே வர பாம்பன் பாலம் ஒன்றுதான். சொந்த ஸ்கூட்டி நல்லது, ஆனால் அதோடு குடி சேராது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரும், பாலத்து மேல் அடிக்கிற காற்றைச் சொல்லவே வேண்டாம். அப்போ ஸ்கூட்டி என்றால் குடி இல்லை, குடி என்றால் கடைசி பஸ்ஸுக்கு முன்னாடியே கிளம்பிவிட வேண்டும்.

லைவ் லொகேஷனா, தோழியா? வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரம் வரை பகிரலாம், அது நீங்கள் எங்கே என்று காட்டும், எப்படி இருக்கிறீர்கள் என்று காட்டாது. எனக்கு ஒருமுறை தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் போய், அப்புறம் போனே செத்துவிட்டது. இருட்டி ஒரு மணி நேரம் பேச்சு மூச்சு இல்லை என்றதும் தோழி தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மண்டபம் வரை வந்துவிட்டாள். லொகேஷனைப் பகிருங்கள், ஆனால் ஏழு மணிக்கு ஒருத்தி போன் செய்யட்டும். "மீன் குழம்பு வச்சாச்சா?" என்று நீங்கள் கேட்டால் உடனே வா என்று அர்த்தம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

குடித்த அளவுக்கு மேல் தலை சுற்றினால் அவனிடம் சொல்லாதீர்கள், கடைக்காரரிடம் சொல்லுங்கள், 112க்கோ 108க்கோ கூப்பிடுங்கள். குடித்ததைக் கேட்பார்களே என்று தயங்கி அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள்.