முதலில் சொந்தப் பயிற்சியா, புதியவர்களா?

சிங்கப்பூரின் பாண்டான் நீர்த்தேக்கத்தில் ஒரே காலையில் தாமும் துடுப்புப் படகு வலித்துப் பயின்று, புதியவர்களுக்கும் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களுக்கு எது முதலில் என்பதுதான் கேள்வி. சூரிய உதயம் ஏறத்தாழ 7 மணி. 9 தாண்டினால் வெயில் கொளுத்தும்.

சொந்தப் பயிற்சி முதலில் என்றால் உடலில் தெம்பிருக்கும், தண்ணீரும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். 2000 மீட்டர் போட்டிக்காக நான்கு முறை 500 மீட்டர் வேகமாக வலிப்பதற்கு இதுவே நேரம். ஆனால் களைத்த பயிற்றுநருக்குப் பொறுமை குறையும், புதியவர்களை அவசரப்படுத்துவார். நடுவில் 20 நிமிடம் இடைவெளி, அரை லிட்டர் தண்ணீர், ஒரு வாழைப்பழம் அவசியம்.

புதியவர்கள் முதலில் என்றால் படிகளை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கலாம்: கை மட்டும், பிறகு முதுகு, பிறகு முன்னும் பின்னும் உருளும் இருக்கையில் பாதி நகர்வு, கடைசியில் முழு நகர்வு. நால்வர் படகில் இருவர் வலிக்க, மற்ற இருவர் துடுப்பலகைகளை நீர்மேல் தட்டையாக வைத்துப் படகு சாயாமல் பார்த்துக்கொள்ளட்டும். துடுப்பு நீருக்குள் சிக்கி அதன் கைப்பிடி வயிற்றில் இடித்தால், பெரும்பாலும் துடுப்பலகை செங்குத்தாகத் திரும்புமுன் இறங்கியிருக்கும். பிடியை இறுக்கியிருப்பதும் காரணமாகலாம். முதலில் விரல்களைப் பாருங்கள்.

இதில் பயிற்றுநருக்குத்தான் நட்டம். புதியவர்களைக் கவனித்தபடி மோட்டார் படகில் ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தால் இடுப்பு இறுகும், வியர்வையில் நீர் வற்றும். அதன்பின் வேகப் பயிற்சி வேண்டாம். நிமிடத்துக்கு 18 முதல் 20 வலிப்பில் 40 நிமிடம் போதும். மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லாரும் உடனே கரையேற வேண்டும், மிச்சத்தை ரோயிங் மெஷினில்தான் முடிக்க வேண்டும்.

போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது சொந்தப் பயிற்சி முதலில், மற்ற மாதங்களில் புதியவர்கள் முதலில்.