ஓடைக்கு அப்பால் பழைய வீடா, தெருவோர வீடா?

வாங்குவதற்காகத் திருகோணமலையில் சாம்பல்தீவுப் பக்கம் இரண்டு வீடுகள் பார்த்தோம். ஒன்று ஓட்டுக்கூரையும் நீண்ட விறாந்தையுமாக ஓடைக்கு அப்பால் நிற்கும் பழைய வீடு. உள்ளே போக அதற்கென்றே ஒரு சின்னக் கொங்கிறீட் பாலம். மற்றது தெருவோரம், அண்மையில் கட்டியது. அதில் பார்க்க அதிகமில்லை: கிணறு சரி, வளவு சின்னது, விலை கூட.

மனம் பழையதிலேயே ஒட்டிவிட்டது. ஆனால் அங்கே முதலில் பார்க்க வேண்டியது வீடு இல்லை, பாலம். மேசன் கீழே இறங்கிச் சுத்தியலால் தட்டினார். ஓரிடத்தில் 'டொக்' என்று பொள்ளல் சத்தம். சில்லு பெயர்ந்து துருக்கம்பி எட்டிப் பார்த்தது. உப்புக்காற்றில் கம்பி துருவேறிப் பருத்தால் கொங்கிறீட்டையே பிளந்துவிடும்; மேலால் பூசி மறைத்துப் பயனில்லை. பாலத்தைத் தாங்கும் கரைச்சுவரின் அடியை மாரி வெள்ளம் அரித்திருக்கிறதா என்று வெள்ளம் வடிந்தபின் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பாரம். ஒரு கியூப் (100 கன அடி) மணலே 4 டன்னுக்கு மேல், லொறியையும் சேர்த்தால்? ஓட்டோ போகிறதே என்று நம்பக் கூடாது. மலக்குழி பவுசரும் அம்புலன்சும் வாசலுக்கு வரவேண்டுமே! 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவில் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த அம்மாவுக்கு இது சொல்லாமலே விளங்கியது.

காணி உறுதியில் பாலமும் ஓடைக்கரையும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று நொத்தாரிசு பார்க்கிறார். பாலத்தைப் புதிதாகக் கட்டும் செலவை விற்பவர் விலையில் கழித்தால் பழைய வீடுதான். மறுத்தால், தெருவோரத்துக்கு அட்வான்ஸ் கொடுப்போம்.