ஐந்து வருடம் ஸ்டோர்ம் நுண்ணோக்கியோடு

நான் மூன்று மாதம் கொண்டாடிய புரதக் கொத்துகள், கடைசியில் ஒற்றைச் சாய மூலக்கூறுகள் திரும்பத் திரும்பக் கண் சிமிட்டியதால் வந்த மாயம். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

வடக்கு பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருடமாக ஸ்டோர்ம் (STORM) நுண்ணோக்கியில், அதாவது சாதாரண நுண்ணோக்கிக்குத் தெரியாத நுணுக்கம் வரை காட்டும் ஒளி நுண்ணோக்கியில், படம் எடுக்கிறேன். இந்தப் பக்கம் என்னை இழுத்தது 2013இல் வெளிவந்த ஒரு படம்தான். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போட்டதுபோல நரம்புச் செல்லின் ஆக்சான் என்ற நீண்ட வால் நெடுக ஆக்டின் என்ற புரதத்தின் வளையங்கள், சுமார் 190 நானோமீட்டர் இடைவெளியில். ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிக்கும் கீழே போனால் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது என்று எர்ன்ஸ்ட் அபே 1873இலேயே சொல்லிவிட்டார். அதனால் சாதாரண நுண்ணோக்கியில் அந்த வளையங்கள் எல்லாம் கலந்து ஒரே கோடாகத்தான் தெரியும்.

ஸ்டோர்மின் தந்திரம் எளிது. இருட்டு மைதானத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் டார்ச் அடித்தால் வெறும் வெளிச்சக் குழப்பம். ஒருவர் மாற்றி ஒருவர் அடித்தால் யார் எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளலாம். புரதங்களில் ஒட்டிய ஒளிரும் சாயங்களை அப்படிச் சிமிட்ட வைத்து, ஒவ்வொரு மங்கல் புள்ளியின் மையத்தையும் கணக்கிட்டால் 20 நானோமீட்டர் வரை இறங்க முடிகிறது. ஒரு படத்துக்கு 30,000 ஃபிரேம், ஃபிரேமுக்கு 20 மில்லிசெகண்ட், ஆகப் பத்து நிமிடம். 256க்கு 256 பிக்சல் என்றாலும் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடும். ஹார்ட் டிஸ்க் வாங்கியே பாதி நிதி கரைந்தது என்றால் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

பழக நேரம் எடுத்தது கருவிக்கு அல்ல, சாம்பிளுக்கு. செல்லுக்குள் சட்டம்போல நிற்கும் நுண்குழாயான மைக்ரோட்யூபூல் குளிரில் கலைந்துவிடும். செல்லை அப்படியே உறையவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் திரவத்தை 37 டிகிரிக்குச் சூடாக்காமல் ஊற்றினால் துண்டு துண்டாக வரும். மைக்ரோட்யூபூலின் உண்மையான விட்டம் 25 நானோமீட்டர். சாயத்தைப் புரதத்தோடு ஒட்டவைக்கும் ஆன்டிபாடியை இரண்டு அடுக்காகப் போட்டால் சுற்றிலும் சதை வைத்து 60 வரை தெரியும். படம் எடுக்கும்போது சாம்பிள் மூழ்கியிருக்கும் பஃபர் கரைசல் இன்னொரு தலைவலி. ஆக்சிஜனை இழுக்கப் போடும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் மெல்ல அமிலத்தை உண்டாக்கும், பிஹெச் இறங்கும், சிமிட்டல் சோர்ந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். ஏசி காற்று ஸ்டேஜ் மேல் நேராக அடித்தால் படம் நகரும். மே மாத மழையில் கரண்ட் போய்வந்தால், யுபிஎஸ் இருந்தாலும் அன்றைய ஸ்லாட் போனது போனதுதான்.

சரி, அந்தக் கொத்து விஷயம். செல் சவ்வில் ஒரு ரிசப்டர், அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கும் புரதம், சின்னச் சின்னக் கூட்டமாகத் தெரிந்தது. கொத்துகளை எண்ணினேன், வரைபடம் போட்டேன், லேப் மீட்டிங்கில் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த திருநெல்வேலி அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "செல்லே இல்லாம வெறும் கண்ணாடில ஆன்டிபாடிய மட்டும் போட்டுப் பாத்தியாப்பா?"

பார்க்கவில்லை. மறுநாள் நன்றாக நீர்த்த ஆன்டிபாடியை கவர்ஸ்லிப் என்ற வெறும் மெல்லிய கண்ணாடித் துண்டில் ஒட்டிப் படம் எடுத்தேன். அதே அளவில் அதே கொத்துகள்! ஒரு ஆன்டிபாடியில் பல சாய மூலக்கூறுகள் இருக்கும், ஒவ்வொன்றும் பல தடவை சிமிட்டும். ஒவ்வொரு தடவையும் மையம் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுந்து, தனி ஒருவரைக் கூட்டமாகக் காட்டிவிடுகிறது. அந்த மூன்று மாத வேலையில் மிஞ்சியது வரைபடத்தின் நிறங்கள் மட்டும்.

அபே சொன்ன எல்லையைத் தாண்டிய நுண்ணோக்கிகளுக்காக 2014இல் வேதியியல் நோபலை எரிக் பெட்ஸிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவரும் வாங்கினார்கள். ஸ்டோர்மை உருவாக்கிய ஷியாவோவெய் ஜுவாங் பெயர் அதில் இல்லாதது எனக்கு இன்றும் உறுத்தும்.

உயிருள்ள செல் வேண்டுமென்றால் ஸ்டோர்மை நாடாதீர்கள். கோடு கோடான ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுக்கும் சிம் (SIM) நுண்ணோக்கி போதும். 100 நானோமீட்டரோடு நின்றுவிடும்தான், ஆனால் வேகமானது, வழக்கமான சாயங்களே போதும். என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் பலரை அங்கேதான் அனுப்புகிறேன். ஃபிக்ஸ் செய்த செல்லில் 50 நானோமீட்டருக்குக் கீழே கேள்வி இருந்தால் மட்டும் ஸ்டோர்ம். அப்படி வருபவர்கள் முதல் ஸ்லாட்டுக்கு செல்லைக் கொண்டுவர வேண்டாம், ஒரு சுத்தமான கவர்ஸ்லிப்பும் கொஞ்சம் ஆன்டிபாடியும் கொண்டுவந்தால் போதும்.