பூட்டுத் திறக்கும் பயிற்சிக் கருவிகள்: 4 ஆண்டுகளுக்குப் பிறகு

2021-இல் இணையக் கடை ஒன்றில் வாங்கிய தொகுப்பில் பன்னிரண்டு கொக்கிக் கம்பிகளும், பூட்டின் உருளையைத் திருப்பிப் பிடிக்கும் டென்ஷன் கம்பிகள் மூன்றும், உள்ளுறுப்புகள் வெளியே தெரியும் பிளாஸ்டிக் பூட்டு ஒன்றும் இருந்தன. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நான் இன்னும் கையில் எடுப்பவை இரண்டே கொக்கிகள்தாம்.

பிளாஸ்டிக் பூட்டு முதல் நாளே ஐந்து நிமிடத்தில் திறந்துவிட்டது. உள்ளே சாவி தூக்கிவிடும் சிறு குச்சிகளான பின்கள் தளர்வாக அமைந்திருந்ததால் கம்பியைச் சும்மா முன்னும் பின்னும் இழுத்தாலே போதுமாக இருந்தது. ஆனால் அதே வாரம் வாங்கிய ஐந்து பின் பித்தளைப் பூட்டு ஒன்பது மாலைகளை எடுத்துக்கொண்டது. பூட்டுக்குள் துளைகள் எவ்வளவு கவனமாகப் போடப்பட்டாலும் ஒரே நேர்க்கோட்டில் அமைவதில்லை. அதனால் உருளையை மெல்லத் திருப்பிப் பிடிக்கும்போது ஏதோ ஒரு பின் மட்டும் முதலில் இறுகுகிறது, அதை உரிய உயரத்துக்குத் தூக்கினால் அது அங்கேயே நின்றுவிட, அடுத்தது இறுகுகிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும். என் கையோ கெட்டியாக அழுத்தியே பழகியிருந்தது. அப்படி அழுத்தினால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகிவிடும், எது முதலாவது என்று தெரியாது. பிளாஸ்டிக் பூட்டில் கண் பார்த்துக்கொள்வதால் விரல் இதைக் கற்பதேயில்லை என்பதுதான் அதன் மேல் எனக்குள்ள குறை.

நடுவில் ஒடுங்கிய நூற்கண்டு போன்ற பின்கள் உள்ள பூட்டுகள் இன்னும் பொல்லாதவை. உருளை சற்றே திரும்பித் திறந்துவிட்டது போல் ஏமாற்றும். அங்கிருந்து முன்னேற, பிடியைத் தளர்த்தி உருளையைக் கொஞ்சம் பின்னோக்கி விட வேண்டும். இந்த இடத்தில் எனக்கு ஆறு மாதம் போயிற்று.

கருவிகளின் தரம் சுமார். டென்ஷன் கம்பிகள் மூன்றும் ஓராண்டுக்குள் வளைந்துவிட்டன. பழைய கார் வைப்பரின் ரப்பருக்குள் இருக்கும் எஃகுப் பட்டையை வளைத்து, முனையை அரத்தால் தேய்த்துச் செய்துகொண்டதுதான் இன்றுவரை உழைக்கிறது. பயன்பாட்டில் இருக்கும் பூட்டில் பழகக் கூடாது என்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் விதி. அதை மீறி வீட்டு வாசற்கதவில் முயன்றபோது கொக்கியின் நுனி உள்ளேயே முறிந்து, முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. அம்மா அந்தச் செலவை இன்றும் மறக்கவில்லை.

லீவர் பூட்டுகளிடம் இந்தத் தொகுப்பு செல்லாக்காசு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு ஒன்றை வாங்கி மூன்று மாதம் முயன்றேன். இவ்வகைப் பூட்டில் ஒவ்வொரு லீவர் தகட்டிலும் உள்ள வெட்டு சரியான உயரத்தில் வந்து நின்றால்தான் தாழ் நகரும். அந்தத் தாழை நகர்த்தும் அளவுக்கு என் கம்பிகளுக்கு நீளமும் இல்லை, பலமும் இல்லை. 1851-இல் லண்டன் பொருட்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப் நிறுவனத்தின் லீவர் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்து காட்டினார் என்பதை அப்போது நினைத்தால் எரிச்சலாகவே வந்தது.

அந்தத் தோல்விதான் என்னைச் சாவி செய்யும் அண்ணாச்சி ஒருவரின் தெருவோரக் கடைக்குக் கொண்டுபோனது. இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் அங்கு உட்காருகிறேன். அவரிடம் கொக்கிக் கம்பிக்கு வேலை வருவது அபூர்வம். நாளெல்லாம் டூப்ளிகேட் சாவிதான். சாவி தொலைந்த பீரோ வந்தால் வெட்டில்லாத சாவி ஒன்றை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி படிய வைத்து, பூட்டுக்குள் நுழைத்து அழுத்தித் திருப்பி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். லீவர் உரசிய இடத்தில் கரி கலைந்து மயிரிழை போல ஒரு கோடு மின்னும். அந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி கரி, மறுபடி திருப்பல். நான் செய்த முதல் சாவியைத் தேவைக்கு மேல் தேய்த்துக் கெடுத்தேன். "தம்பி, தேய்ச்சதை ஒட்ட வைக்க முடியாது, பார்த்துப் போங்க" என்றதோடு சரி, வேறொரு சாவியை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து திறக்கச் சொல்லுகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் அழைக்கச் சொல்வார். அதன்பிறகே பையைத் திறப்பார். என் தொகுப்போடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிய தொகுப்பு வாங்க வேண்டியதில்லை. நல்ல எஃகில் இரண்டு கொக்கிகள், ஒரு டென்ஷன் கம்பி, மலிவான பித்தளைப் பூட்டுகள் மூன்று இருந்தால் ஓராண்டுக்குப் போதும். தொழிலாகக் கற்க விரும்புகிறவர்கள் அந்தப் பணத்தில் நல்ல அரங்களும் ஒரு மேசை வைஸும் வாங்கலாம். பிளாஸ்டிக் பூட்டை அக்கா மகன் விளையாட எடுத்துக்கொண்டான். திண்டுக்கல் பூட்டு மேசை மேல்தான் இருக்கிறது. அதை இன்னும் அதன் சாவியால்தான் திறக்கிறேன்.