"380 ஹார்ஸ்பவர் கேரண்டி" என்றார்கள். மாற்றாத பம்புக்கும் பில் போட்டார்கள்

என்னுடையது 2 லிட்டர், நான்கு சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் கார். அதாவது பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும், டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் வகை. கம்பெனியில் இருந்து வரும்போது 230 ஹார்ஸ்பவர். இன்ஜினைப் பிரிக்காமலே 380க்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு டியூனிங் கடை உறுதி கொடுத்தது. பில்லில் இருந்த வேலைகள் மூன்று: பெரிய டர்போ, அதிகத் திறனுள்ள ஹை பிரஷர் பியூயல் பம்ப், ஈசியூ ரீமேப் (இன்ஜினை ஆளும் கணினியின் மென்பொருளை மாற்றுவது). டர்போ மாட்டினார்கள், ரீமேப் செய்தார்கள். பம்பை மட்டும் தொடவே இல்லை. காசு மட்டும் மூன்றுக்கும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் உடைந்து, வேறொரு மெக்கானிக்கிடம் வண்டி போன பிறகுதான் இது வெளியே வந்தது.

பம்ப் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டரின் முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 20 மில்லி செகண்ட். பழைய போர்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் அந்த நேரம் கிட்டத்தட்ட முழுவதும், சிலிண்டருக்கு வெளியே காற்று வரும் வழியில் பெட்ரோலைத் தெளிக்கலாம். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் அப்படி முடியாது. பிஸ்டன் காற்றை உறிஞ்சும் நேரத்தையும், அதைத் தொடர்ந்து அழுத்தும் நேரத்தில் கொஞ்சத்தையும்தான் பயன்படுத்த முடியும். ஒரு ஸ்ட்ரோக்குக்கு 5 மில்லி செகண்ட்தான். அதற்குள் தேவையான பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்றால் பிரஷர் விழாமல் நிற்க வேண்டும். பெரிய டர்போ காற்றை அள்ளித் தள்ளும்போது பம்ப் பழையதாகவே இருந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், எரிதல் சூடாகும், நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாக வெடித்துத் தட்டுவது) தொடங்கும்.

என் வண்டியில் நடந்தது அப்படியே இதுதான். புதிய மெக்கானிக் எடுத்த லாகில் (வண்டி ஓடும்போது எடுக்கும் சென்சார் அளவுகளின் பதிவு) ஈசியூ கேட்ட பிரஷர் 200 பார். 5000 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் உண்மையில் இருந்தது அதில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். புல் த்ராட்டிலில் டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம், எண் ஏறினால் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம்) 0.8ஐ ஒட்டி இருக்க வேண்டும். என்னுடையது 0.95க்கு ஏறியிருந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு முறை லாக் போட்டிருந்தால் டியூன் செய்தவர்களுக்கே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் விட்டார்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் அடுத்து வருவது.

ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்து பைலைப் படித்தபோது, நாக் சென்சாரின் வரம்பை மேல் ஆர்பிஎம்களில் ஏற்றி வைத்திருந்தது தெரிந்தது. நாக்கிங் கேட்டால் ஈசியூ உடனே இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து இன்ஜினைக் காப்பாற்றும். வரம்பை ஏற்றிவிட்டால் அதன் காதைப் பொத்தியது போலத்தான். போர்ஜ்டு பிஸ்டன் (அடித்து உருவாக்கிய, வலுவான வகை) போட்டால் குளிர்ந்த இன்ஜினில் அது தட்டும் சத்தத்தை சென்சார் தவறாக எடுத்துக்கொள்ளும், அதனால் சிலர் வரம்பைக் கொஞ்சம் மாற்றுவது உண்டு. என் இன்ஜினில் உள்ளே இருந்தவை எல்லாம் கம்பெனி பிஸ்டன்கள். அந்த மாற்றத்துக்கு இங்கே ஒரு நியாயமும் இல்லை, டைனோவில் (திறனை அளக்கும் மெஷின்) எண் குறையக் கூடாது என்பதைத் தவிர.

அந்த எண்ணுக்கு வருவோம். எனக்குக் கொடுத்த டைனோ தாளில் 380 என்று பெரிதாக அச்சாகி இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் இன்டேக் வெப்பநிலை 60 டிகிரி. டைனோ மென்பொருள் அளந்த திறனை அப்படியே காட்டுவதில்லை. ஒரு பொதுவான வானிலைக்கு மாற்றித்தான் காட்டும். எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) முறையில் அந்த அடிப்படை 25 டிகிரி. மற்றவை சரியாக இருந்து வெப்பநிலை மட்டும் 60 என்று உள்ளே போனால், எண் ஏறத்தாழ 7% ஏறிவிடும். சென்சாரைச் சூடான இன்ஜின் பக்கத்தில் தொங்கவிட்டாலே போதும். போதாததற்கு, இந்தத் திருத்தம் டர்போ இல்லாத இன்ஜினை மனதில் வைத்து வந்தது. டர்போ வண்டியில் பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) ஈசியூவே பிடித்து நிறுத்துவதால் திருத்தம் தேவைக்கு மேல் போய்விடும். அப்புறம், சக்கரத்தில் அளந்ததை இன்ஜின் திறனாக மாற்ற எத்தனை சதவீதம் சேர்த்தார்கள் என்பது தாளில் எங்குமே இல்லை. கேட்டதற்கு, "மெஷின் தானா போடும் ப்ரோ" என்றார்கள். அந்த அளவை மாற்றுவது டைனோ ஓட்டுபவர் கையில் இருக்கிறது.

வண்டி முதலில் நன்றாகவே ஓடியது. பிறகு மேல் ஆர்பிஎம்மில் தடுமாற ஆரம்பித்தது. கொண்டுபோனால் பிளக்கை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். பெட்ரோல் சரியில்லை என்றார்கள். உயர் ஆக்டேன் போட்டேன். கடைசியில் நீலப் புகை வந்ததும், "உங்க இன்ஜினே வீக்கு ப்ரோ, அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார் கடைக்காரர். இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை என்று சத்தியம் செய்தவரும் இவர்தான்.

அப்படி உறுதி கொடுத்த பேச்சில் அடிக்கடி வந்த பெயர் டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜின். ஜப்பானில் 280 பிஎஸ் (மெட்ரிக் ஹார்ஸ்பவர்) என்று விற்ற இன்ஜின், உள்பாகங்களை மாற்றாமலே அதைப்போல இரண்டு மடங்கு தாங்குகிறதே என்பார்கள். தாங்குகிறது, உண்மைதான். ஆனால் அது 3 லிட்டர், ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். அதைக் காட்டி 2 லிட்டர் நான்கு சிலிண்டருக்கு வாக்குக் கொடுப்பது விற்பனைப் பேச்சு, இன்ஜினியரிங் இல்லை.

புதிய மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றியதுமே முகம் மாறினார். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியத் துகள்கள். நாக்கிங்கில் பிஸ்டன் அரிபட்டு வந்தவை. கம்ப்ரஷன் அந்த சிலிண்டரில் மட்டும் படுத்திருந்தது. காற்றை ஏற்றிக் கசிவு பார்த்தபோது ஆயில் ஊற்றும் மூடி வழியாகக் காற்று வந்தது. ரிங்கைத் தாங்கும் விளிம்பு போய்விட்டது என்று அர்த்தம். திறந்து பார்த்ததும் அதேதான். அப்போதுதான் பம்பின் மேலிருந்த கம்பெனி பாக எண்ணையும் காட்டினார். வண்டி வந்த நாளிலிருந்து கழற்றப்படாத போல்ட், பெயிண்ட் அடையாளம் கூடக் கலையவில்லை.

இதே மாதிரி வேலைக்கு யாராவது கிளம்பியிருந்தால், வண்டியை எடுக்கும் முன் பில்லில் உள்ள ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் வண்டியில் காட்டச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். டைனோ தாள் மட்டும் போதாது. அதே ஓட்டத்தின் லாக் பைல் வேண்டும்: பூஸ்ட், லாம்டா, பியூயல் பிரஷர் கேட்டதும் கிடைத்ததும், ஒவ்வொரு சிலிண்டரிலும் பின்னுக்குப் போன டைமிங். திருத்தம் போடாத எண்ணையும் கேளுங்கள். கம்பெனி ஈசியூ பைலின் நகலை முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள். என்னுடையதை அவர்கள் சேமிக்கவே இல்லையாம், இப்போது தேடி அலைகிறேன்.

பில், பம்பின் படங்கள், லாக் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். பம்புக்கான பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள், புகாரைத் திரும்பப் பெற்றால். இன்ஜினைப் பற்றிப் பேச்சே இல்லை. என் வண்டியின் டைனோ வீடியோவை விளம்பரமாகப் போட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி எழுதினேன், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.