சில்லர் மறுபடி ஓடுகிறது: ஆறு வருட ரீஃப் டேங்க் அனுபவம்

என் ரீஃப் டேங்க், அதாவது கடல் மீனும் பவளமும் வளர்க்கும் தொட்டி, அதன் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் நேற்று சாயங்காலம் ரிப்பேர் ஆகி வீட்டுக்கு வந்தது. ஹோஸ் மாட்டி, உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியேறும்வரை காத்திருந்து ஸ்விட்சைப் போட்டேன். தண்ணீர் 29.8 டிகிரி காட்டியது. ராத்திரி பதினொரு மணிக்கு 26.9. பதினொரு நாளுக்கு அப்புறம் நேற்றுதான் அலாரம் வைக்காமல் படுத்தேன்.

ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன், "அண்ணா, நானும் ஒரு ரீஃப் டேங்க் வைக்கலாம்னு இருக்கேன், மூணடி போதுமா?" என்று இரண்டு வாரமாகக் கேட்கிறான். கிளவுன் மீன் முட்டையின் வீடியோவைக் காட்டியதால் வந்த ஆசை. சில்லர் மேல் இருக்கும் கோபம் ஆறுவதற்குள் அவனுக்குப் பதில் எழுதிவிடுகிறேன்.

என் டேங்கும் மூன்றடிதான். கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டியான சம்ப்போடு சேர்த்து 220 லிட்டர். 2019-இலிருந்து திருவான்மியூரில், இரண்டாவது மாடி ஹாலில் இருக்கிறது. ஒரு ஜோடி கிளவுன், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு கிளீனர் இறால். பவளத்தில் லெதர், மஷ்ரூம், சோவாந்திட், ஸீனியா. எல்லாமே சாஃப்ட் கோரல் என்று விற்கும், கல் கூடு கட்டாத வகை. உப்பு, ஆல்கலினிட்டி, நைட்ரேட் பற்றியெல்லாம் எங்கும் கிடைக்கும், ஒரு வருடத்தில் கைக்குப் பழகிவிடும். ஆறு வருடத்தில் அவை என்னைப் பெரிதாகப் படுத்தியதில்லை. படுத்தியது சூடு மட்டும்தான்.

சில்லர் பெட்டியில் "300 லிட்டர் வரை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என்னுடையது 220 தானே, தாராளம் என்று நினைத்து வாங்கினேன். அந்த 300 லிட்டர் கணக்கு அறை 25 டிகிரியில் இருக்கும் ஊருக்கானது. சித்திரை, வைகாசியில் மத்தியானம் என் ஹால் 34 டிகிரி. பம்ப்பும், அலை உண்டாக்கும் வேவ் மேக்கரும் தண்ணீருக்குள் இருப்பதால் அவை தின்னும் வாட் எல்லாம் சூடாகத் தண்ணீரிலேயே இறங்குகிறது. மேலே லைட் வேறு. வெளிச்சூட்டுக்கும் தண்ணீருக்கும் எட்டு டிகிரி வித்தியாசத்தைத் தாங்கிப் பிடிக்க அந்தச் சின்ன கம்ப்ரஸர் நாள் முழுக்க நிற்காமல் ஓடியது. இதைக் கடையிலும் சொல்லவில்லை, மேனுவலிலும் பொடி எழுத்தில் ஒரு வரிதான். இந்த ஊரில் சில்லர் வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல் ஒரு சைஸ் மேலே வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தை 2019-இல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என் ஆறு கோடைகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

முதல் இரண்டு வருடம் சில்லரை டேங்க் ஸ்டாண்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். சில்லர் என்பது தண்ணீரின் சூட்டை எடுத்து அறைக்குள் விடும் மெஷின். மூடிய ஸ்டாண்டுக்குள் அது விட்ட சூட்டை அதுவே மறுபடி இழுத்தது. கதவைத் திறந்து வைத்தால் ஹால் கொதிக்கும். 2021-இல் சுவரில் ஓட்டை போட்டு பால்கனிக்கு மாற்றினேன். தண்ணீர் சட்டென்று குளிர்ந்தது. ஆனால் பால்கனியில் வீசுவது கடற்காற்று. இரண்டே வருடத்தில், சூட்டை வெளியே விடும் கண்டென்ஸரின் உலோகத் துடுப்புகள் வெள்ளையாகப் பூத்து, விரல் பட்டாலே உதிர ஆரம்பித்தன. 2023-இல் ஃபேன் மோட்டார் துருப்பிடித்து நின்றது. இப்போது செம்புக் குழாய் இணைப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை, கேஸ் முழுக்கப் போய்விட்டது. உள்ளே வைத்தால் சூடு, வெளியே வைத்தால் உப்பு. இதற்கு இன்றுவரை என்னிடம் தீர்வு இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கடல் தண்ணீர் ஓடும் டைட்டானியம் காயிலில் ஆறு வருடத்தில் ஒரு பொட்டு அரிப்பு இல்லை. தெர்மோஸ்டாட்டும் இன்னும் சரியாகக் காட்டுகிறது. அந்தப் பகுதியைச் செய்தவர்கள் நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் சர்வீஸ் என்று போன் செய்தால், "இதுக்கு ஸ்பேர் வராது சார், புதுசு வாங்கிடுங்க" என்பதுதான் பதில். கடைசியில் தெருமுனையில் ஏசி, ஃபிரிட்ஜ் பார்க்கும் அண்ணன்தான் காப்பாற்றினார். திறந்து பார்த்து, "இது குட்டி ஃபிரிட்ஜ் சார், பயப்படாதீங்க" என்றார். குழாயைப் பற்றவைத்து, வாக்குவம் போட்டு, கேஸ் நிரப்பிக் கொடுத்தார். பற்றவைத்த இடத்தில் அவரே பெயின்ட் அடித்துவிட்டு, மாதம் ஒரு தடவை கண்டென்ஸரை நல்ல தண்ணீரால் கழுவச் சொன்னார். ஆறு வருடத்தில் இந்த மெஷினைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான யோசனை அது.

"மன்னார் வளைகுடாவில் பவளம் 29, 30 டிகிரியில் வாழ்கிறதே, உனக்கு ஏன் 26?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரிதான். ஆனால் கடலில் அந்தச் சூடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். கண்ணாடிப் பெட்டியில் காலையில் 27, மாலையில் 31. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் நிற்கும், மீனுக்கோ சூட்டில் மூச்சுத் தேவை கூடும். கடலிலேயே வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நின்றால், பவளம் தனக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகும். 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் வெளுத்தது. 26-இல் வைத்தால் சில்லர் நின்றாலும் சில மணி நேரம் கையில் இருக்கும். அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் இத்தனை பாடு.

இந்தத் தடவை அந்தச் சில மணி நேரமும் தூக்கத்திலேயே போய்விட்டது. சில்லர் ராத்திரி எப்போதோ நின்றிருக்கிறது. காலையில் பார்த்தபோது 29. மத்தியானம் 30.4. ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பி வைத்தேன். ஃபேன் உண்மையிலேயே நல்ல கருவி. ஒரு லிட்டர் ஆவியானால் இந்த அளவு டேங்கில் இரண்டரை டிகிரிக்கு மேல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். கடற்காற்று ஈரமாக வீசும் நாளில் ஃபேனும் கைவிடும். அப்போது ஐஸ்தான். ஒரு லிட்டர் பாட்டிலை உறைய வைத்து மிதக்க விட்டால் அரை டிகிரி இறங்கும், ஒரு மணி நேரத்தில் திரும்ப ஏறும். பதினொரு நாளும் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை, ஐந்து மணிக்கு ஒரு தடவை எழுந்து பாட்டில் மாற்றினேன். அம்மா ஃப்ரீஸரில் மாவு வைக்கும் இடத்தைக் காலி செய்து கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் கிளவுன் முட்டை போட்டிருந்தது. லெதர் கோரலின் அடியில், பாறையில் ஒட்டிய ஆரஞ்சு நிறக் குச்சிகள், ஒவ்வொன்றும் அரிசியில் பாதி நீளம் இருக்கும். முட்டை போட்ட நான்காம் நாள் சில்லர் போனது. கிளவுனில் முட்டையைப் பார்த்துக்கொள்வது ஆண்தான். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சைச் சாய்த்துப் பார்க்கிறேன், அது மார்புத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தும், ஒரு முட்டையை வாயில் கவ்விப் பார்க்கும், வெளுத்ததைப் பிய்த்துத் துப்பும், மறுபடி விசிறும். ஐஸ் பாட்டில் மிதந்து பக்கத்தில் வந்தபோது அதை நெற்றியால் முட்டித் தள்ளியது. என் கையையும் கடித்தது. முட்டைகளில் வெள்ளியாகக் கண்கள் தெரிந்தன, ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு புள்ளி.

வழக்கமாக எட்டாவது ராத்திரி பொரியும். இந்தத் தடவை சூட்டில் ஆறாவது ராத்திரியே பொரிந்துவிட்டது. லைட் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சைக் கண்ணாடியில் வைத்தேன். தூசி மாதிரி நூற்றுக்கணக்கில் வெளிச்சத்தை நோக்கி வந்தன. அவற்றை வளர்க்க, தீனியாகப் போடும் ராட்டிஃபர் என்ற நுண்ணுயிர் வேண்டும், தனி டேங்க் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கிளவுனை இப்படித்தான் பண்ணையில் பொரித்து வளர்க்கிறார்கள். காலையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த வாரமே ஸீனியா கரைந்துபோனது. லெதர் இன்னும் முழுசாக விரியவில்லை.

தம்பி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல் பவளம் 2001-இலிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடலில் எடுத்த லைவ் ராக், அதாவது உயிர்கள் ஒட்டிய பவளப் பாறை, என்று யாராவது மறைவாக நீட்டினால் தொடாதே. செயற்கைப் பாறையை வாங்கிப்போடு. ஒன்றரை வருடம் பொறுத்தால் அதிலேயே ஊதாப் பாசி படரும்.

கரன்ட் பில்லைப் பற்றிக் கேட்டாய். கோடையில் சில்லர் மட்டும் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இழுக்கிறது. 500-ஐத் தாண்டினால் ஸ்லாப்பும் மாறும். உன் வீடு மொட்டை மாடிக்குக் கீழே, மேற்குப் பார்த்த ஹால், ஏசி படுக்கையறையில் மட்டும். அதனால் என் பதில், வைக்காதே. காசு இருக்கிறது, ஆசை இருக்கிறது என்றாலும் அந்த ஹாலில் வைக்காதே. என் டேங்கை உனக்கு விற்பேனா என்றும் கேட்டாய். விற்க மாட்டேன். அடுத்த முட்டை இன்னும் பத்து நாளில் போடும், பெண் மீனின் வயிறு இப்போதே தெரிகிறது. எட்டாவது ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வா. ஒன்பது மணிக்கு லைட் அணைத்துவிடுவேன்.