கார் விபத்தில் எலும்பு முறிந்தால்: தப்பைக் கட்டா, மாவுக் கட்டா, கம்பியா?

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிற நான்குவழிச் சாலையில் வேகமாக வருகிற கார் எதிலாவது மோதி நின்றால், அந்த வேகத்தில் பெரும் அடி உள்ளே இருப்பவர் எலும்பிலும் வந்து இறங்கும். அடிபட்டவரை எங்கே கொண்டுபோவது என்று நம் பக்கத்து வீடுகளில் உடனே வாக்குவாதம் தொடங்கிவிடும். "பெரியப்பா வரப்புல விழுந்து கை ஒடிஞ்சப்போ நாட்டு வைத்தியர்ட்டதான தப்பைக் கட்டு கட்டுனோம், நல்லா கூடிட்டுல்லா" என்று ஒருவர் சொல்வார். ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கே போவோம் என்பார் இன்னொருவர்.

வரப்பில் விழுந்து மணிக்கட்டு முறிவதையும் காரில் முறிவதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முன்சீட்டில் இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தால் அடி தொடை வழியாக மேலே ஏறும். முழங்கால் சில்லு உடையலாம், தொடை எலும்பு முறியலாம், இடுப்பு மூட்டே கிண்ணத்தை விட்டு விலகலாம். விலகிய இடுப்பு மூட்டை 6 மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளாவிட்டால், எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் பட்டுப்போகும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் சதைக்குள் கசியலாம். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

தப்பைக் கட்டின் அடிப்படை தப்பில்லை. எலும்பு தானாகத்தான் கூடும், அசையாமல் வைத்தால் போதும் என்பதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். மூங்கில் தப்பை, உளுந்து மாவு, முட்டை வெள்ளைக்கரு, துணி. செலவு குறைவு, கத்தியும் இல்லை. விலகாத சின்ன முறிவுகள் இதில் கூடியிருக்கின்றன. ஆனால் கார் விபத்துக்கு இதை முதல் வைத்தியமாக நான் ஒருக்காலும் சொல்ல மாட்டேன். அடிபட்ட முதல் இரண்டு நாளில் வீக்கம் ஏறும். சுற்றிலும் இறுக்கிக் கட்டியிருந்தால் வீங்குவதற்கு இடமில்லாமல் ரத்த ஓட்டம் நெரிபடும், சில மணி நேரத்தில் சதை சாகத் தொடங்கும். விரலை நீட்டிவிட்டாலே உயிர் போகிற வலி, மரத்துப்போதல், விரல் சில்லிடுதல் என்று எது தெரிந்தாலும், கட்டியவர் யாராக இருந்தாலும் சரி, கட்டை உடனே தளர்த்த வேண்டும். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தால் அதன்மேல் எண்ணெயோ பச்சிலையோ படவே கூடாது. அந்தப் புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்து ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும், அதுவும் சீக்கிரமாக.

ஆஸ்பத்திரியில் போடுகிற மாவுக் கட்டும் அதே கொள்கைதான். முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும், வீக்கம் வடியும்வரை பாதிக் கட்டாகப் போடுவதும்தான் வித்தியாசம். விலகாத மணிக்கட்டு, கணுக்கால் முறிவுகளுக்கும், குழந்தைகளின் பெரும்பாலான முறிவுகளுக்கும் இதுவே போதும். சீட் பெல்ட் அழுத்தி முறிகிற காறையெலும்பு பல நேரம் கையைத் தூளியில் தொங்கவிட்டாலே கூடிவிடும். அதனால் எல்லா முறிவுக்கும் ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

பெரியவர்களின் தொடை எலும்புக்கு மட்டும் என் மனதில் சந்தேகமே இல்லை, கம்பிதான். கம்பி வராத காலத்தில் காலில் எடை கட்டி வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவார்கள். படுக்கைப் புண்ணும் நெஞ்சுச் சளியும் வந்து சேரும், முழங்கால் மடங்காது. எலும்புக்குள் கம்பி செருகினால் சில நாளிலேயே வாக்கர் பிடித்து எழுந்து நிற்கலாம். எலும்பு முழுதாகக் கூட 3 முதல் 6 மாதம் ஆகும், ஆனால் அத்தனை நாளும் படுத்திருக்க வேண்டாம். கிருமி தொற்றும் ஆபத்து உண்டு, மயக்க மருந்தின் ஆபத்தும் உண்டு. மூட்டுக்குள் முறிந்து விலகியிருந்தால் பிளேட், ஸ்க்ரூ வைத்துச் சரியாகப் பொருத்த வேண்டும், கோணலாகக் கூடினால் பின்னாளில் மூட்டு தேய்ந்துவிடும்.

எங்கே போவது? கால் உடைந்தவருக்குத் தலையிலும் வயிற்றிலும் அடி இருக்கலாம். எல்லாப் பிரிவும் ரத்த வங்கியும் ஒரே வளாகத்தில் இருக்கிற பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் என் முதல் ஓட்டு. கூட்டம் இருக்கும், ஆபரேஷனுக்குக் காத்திருக்க நேரலாம். தனியாரில் தேதி சீக்கிரம் கிடைக்கும், பணம் கரையும். ஆனால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட தொகைவரை இலவசம். பணத்துக்குப் பயந்து தப்பைக் கட்டுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகு, மூட்டு இறுக்கத்துக்குப் பிசியோதெரபியோடு எண்ணெய்த் தொக்கணமும் (சித்த முறையில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது) வேண்டுமென்றால், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கேட்கலாம். பீடி பிடிக்கிறவர்கள் எலும்பு கூடும்வரையாவது அதை விட்டுவிட வேண்டும், புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குப் போனதும் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.இல், அடிபட்ட விவரம் ஏறும். பின்னால் நஷ்டஈட்டு வழக்கு போட்டால் அந்த ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் தேவைப்படும். நேராக வைத்தியர் வீட்டுக்குப் போனவர்களுக்கு இந்தத் தாள்கள் எதுவும் கையில் இருப்பதில்லை.